வாங்கியதைப் பிரித்துப் பார்த்தவர்: ஜி.டி. நாயுடு



பழைய வண்டியை வாங்குவது, சீர்செய்வது, சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கைமாற்றிவிடுவது என்ற பொழுதுபோக்கு நம் திருவண்ணாமலைக்குப் புதிதில்லை. குளிர்காலத்தில் ஆசிரமப் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டவர்கள் பழைய புல்லட் ஒன்றை வாங்கி ஓட்டிவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த ஆசை கார் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் போலவே வெளித்தோற்றம் இருக்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே நம்மூர் மாருதியின் எஞ்சின் இருக்கும். இதற்கு ரெப்ளிகா என்று பெயர். அசல் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்பதால் நகலை வாங்கி, அனுபவித்து, அடுத்தவருக்கு விற்கிறார்கள்.

நம் வளாகத்திலும் இளைஞர்கள் சிலருக்கு இதில் நாட்டம் உண்டு. பெற்றோர்களுக்கு இதனால் இரண்டு கவலைகள். பணம் போய்விடுமோ என்பது ஒன்று. பையன் எந்நேரமும் கிரீஸ் கையோடு வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறானே, உருப்படுவானா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரு வாழ்க்கை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தக் காலாண்டு இதழில் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வணிகவியல் படித்து வங்கியில் கணக்கெழுதிய எனக்கு, அவர் எதை வாங்கினார், எதில் தோற்றார், எதில் வென்றார் என்ற கணக்குதான் அதிகம் தெரிகிறது. அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

காலங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் சூலூரை அடுத்த காலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர்களோடு தகராறு, சேட்டை என்று போய், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தோட்டத்தில் காவலுக்கும் வேலைக்கும் போட்டார்கள். கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை அங்கே உட்கார்ந்து தானாகவே படித்துக்கொண்டார்.

அந்த ஊர்ப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வண்டி. மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த கிராமத்துப் பையன்கள் எல்லோரும் வாயைப் பிளந்திருப்பார்கள். இந்தப் பையனுக்கு மட்டும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று பட்டது. அந்த வண்டியை எப்படியாவது தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்.

வீட்டில் பணம் கேட்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் அந்த அதிகாரியிடமே 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். இன்றைக்கு இஎம்ஐயில் மறுநாளே வண்டி வந்துவிடுகிறது. முழுத் தொகையையும் சேமித்து வாங்குவதில் ஒரு நன்மை உண்டு. அந்த மூன்று ஆண்டுகளும் ஆசை உண்மையானதுதானா என்று சோதித்துவிடும்.

வாங்கியவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். நண்பர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு உறுப்பும் எங்கே இருந்தது, எதோடு எது சேர்கிறது என்று பார்த்து மறுபடியும் பூட்டினார். கற்றுக்கொடுக்க ஆளில்லை, கையேடு இல்லை, இருந்தாலும் ஆங்கிலம் தெரியாது. கழற்றிப் பூட்டியதே அவருக்குப் பாடமாயிற்று. அந்தப் பாடத்தை வைத்து அவர் மெக்கானிக் ஆனார்.

பருத்தியில் போன பணம்

இந்த இடத்தில் பலரும் நேராகப் பஸ் கம்பெனிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் நடந்ததைத்தான் நான் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் உலகப் போர்க் காலம். கொங்கு நாட்டில் பருத்திதான் பணம். நாயுடு திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலில் இறங்கினார். போர்க்கால விலையில் நல்ல லாபம் கிடைத்தது. சர்வர் வேலை பார்த்த இளைஞர் கையில் கணிசமான தொகை சேர்ந்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கே கைப்பணம் கரைந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

ஏன் இது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் அவர் முன்னால் இருந்தது ஒரு மெஷின். பஞ்சு வேறு, கொட்டை வேறு என்று அது பிரிப்பதை அவர் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், பழுதானால் சரிசெய்யலாம். பம்பாயில் அவர் முன்னால் இருந்தது ஒரு விலை மட்டுமே. இன்று வாங்கி நாளை விற்றால் ஏறும் என்ற நம்பிக்கை மட்டுமே. விலையைக் கழற்றிப் பார்க்க ஸ்பேனர் கிடையாது. தான் திறந்து பார்க்க முடியாத ஒன்றை வாங்கி விற்கப் போனபோது அவர் தோற்றார். அவருடைய வாழ்நாள் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், திறந்து பார்த்தவற்றில் எல்லாம் அவர் கை ஓங்கியே இருக்கிறது.

இதே கதை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. ரெப்ளிகா கார் பிரியர்கள் எல்லோருக்கும் லோட்டஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் லண்டனில் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது பழைய கார்களை வாங்கி விற்பதைப் பகுதிநேரத் தொழிலாக வைத்திருந்தார். 1947ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அரசு சொந்தக் கார்களுக்குக் கொடுத்துவந்த பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பழைய கார்களை வாங்க ஆளில்லை. அடிமாட்டு விலைக்கு விற்றதில் அதுவரை சம்பாதித்ததெல்லாம் போயிற்று. மிஞ்சியது 1930ஆம் ஆண்டு மாடல் ஆஸ்டின் செவன் ஒன்று. அதைப் பிரித்து, தன் விருப்பப்படி புதிய பாடி கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். 1957இல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற இரண்டு இருக்கைக் கார்தான் இன்றுவரை உலகத்தில் மிக அதிகமாக நகலெடுக்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. அதை உதிரிப் பாகங்களாகவே வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அப்படி வாங்கினால் அந்நாட்டு விற்பனை வரி மிச்சமாயிற்று.

கோவைக்காரரும் லண்டன்காரரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவருமே வாங்கி விற்பதில் அடிபட்டு, கழற்றிப் பூட்டுவதில் எழுந்தவர்கள்.

ஒரு பஸ்ஸில் தொடங்கிய கம்பெனி

பம்பாயிலிருந்து திரும்பியவருக்குக் கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். காப்பி, மில், மோட்டார் என்று கோவையின் பல தொழில்களுக்கு வித்திட்ட ஆங்கிலேயர் அவர். ஸ்டேன்ஸ் பள்ளியின் பெயரில் இன்றும் கோவைக்காரர்கள் அவரை நினைக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வதைவிட, இந்த இளைஞரைச் சொந்தமாக ஒரு பஸ் ஓட்ட வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய உதவியோடு கடனில் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. 1920ஆம் ஆண்டு அது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. டிரைவர் அவரே. மெக்கானிக்கும் அவரே.

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கடனின் அருமை புரியும். ஈடாக எழுதி வைக்க அவரிடம் பெரிய சொத்து கிடையாது. வண்டிதான் ஈடு. அந்த வண்டியே ஓடிச் சம்பாதித்துக் கடனை அடைக்கவேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும், வட்டி மட்டும் நிற்காது. மற்ற பஸ் முதலாளிகள் வண்டி பழுதானால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இவர் இரவோடு இரவாகத் தானே கழற்றிச் சரிசெய்து காலை டிரிப்பை எடுத்தார். காலங்கலில் ரட்ஜ் வண்டியைக் கழற்றிப் போட்டவருக்கு அதன் பலன் இங்கேதான் ரூபாயாகக் கிடைத்தது.

ஒரு பஸ் பல பஸ்களானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., நாட்டிலேயே திறமையாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. அவருடைய கவனம் நேரத்தின் மேல் இருந்தது. பஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் நேரப்படி பஸ் விட்டார். பயணிகள் உட்காரவும் டிக்கெட் வாங்கவும் வசதியோடு பஸ் நிலையம் கட்டினார். எஞ்சினில் வரும் அதிர்வை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைக் கருவியையும் செய்து வைத்துக்கொண்டார். கிரிவல நாளில் ஸ்பெஷல் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பயணியின் நேரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் வாங்கியது என்ன?

கையில் பணம் வந்ததும் 1930களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்தார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார், மெஷின்களை வாங்கினார். காமிரா ஒன்றும் கையில் இருந்துகொண்டே இருக்கும். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். ஊரில் காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படமெடுத்தார்.

ஜெர்மனியில் அவர் செய்த வேலைதான் மிகவும் பேசப்பட்டது. சின்ன மோட்டாரும் டார்ச் லைட் பேட்டரியும் வைத்து ஓடும் ஷேவிங் ரேசர் ஒன்றை உருவாக்கினார். ரேசண்ட் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாரானது. மிக மெல்லிய ஷேவிங் பிளேடு, காமிராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் மெஷின், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. நம் நாட்டில் மின்னணு வாக்கு இயந்திரம் வந்தது 1980களில். இவர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் திசையில் யோசித்திருக்கிறார். தேர்தல் அனுபவமும் அவருக்கு உண்டு: மாகாணத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார்.

1937இல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில், பாலசுந்தரம் நாயுடு அவர்களின் கைத்திறனில் மின் மோட்டார் தயாரானது. இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று கோவை இன்றும் பெருமைப்படுவது அதைத்தான். இன்று கோவை மோட்டார் பம்ப் இல்லாத கிணறு தமிழ்நாட்டில் உண்டா? நம் வளாகத்துச் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செய்து கொடுக்க முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்றாலே பணக்கார வீட்டுச் சாமான் என்றிருந்த காலம் அது.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுவான வழி தெரிகிறதா? வெளிநாட்டுப் பொருளை வாங்குகிறார், திறந்து பார்க்கிறார், எதனால் விலை அதிகம் என்று கண்டுபிடிக்கிறார், நம்மவர் கைக்கு எட்டும் விலையில் செய்யப் பார்க்கிறார். வாங்கிய பொருளை அப்படியே கொஞ்சம் லாபம் வைத்து விற்றிருந்தாலும் அவர் பணக்காரராக இருந்திருப்பார். நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது.

மூன்றாம் வகுப்பு படித்த பிரின்சிபால்

1944இல் மோட்டார் தொழில் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டார். தொழில் நன்றாக நடக்கும்போதே விலகியவர்கள் குறைவு. கல்வி, ஆராய்ச்சி, விவசாயம் என்று கவனத்தைத் திருப்பினார். பத்தடி உயரம் வளரும் பருத்திச் செடி, பெரிய பெரிய பப்பாளி என்று தோட்டத்தில் செய்த பரிசோதனைகளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சர் சி.வி. ராமன் போன்ற பெரிய விஞ்ஞானியே இவர் மேல் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார்.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க இவர்தான் முக்கியக் காரணம். ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். இடமும் கட்டடமும் கொடுத்ததோடு நிற்காமல், கல்லூரியின் முதல் பிரின்சிபாலாகவும் இவரே பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு முதல்வர்! அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. நம் ஊரிலிருந்தும் பிள்ளைகள் கவுன்சிலிங்கில் அந்தக் கல்லூரிக்காகப் போட்டி போடுகிறார்கள்.

பாடத்திட்டத்தில் அவருக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை. பட்டறையில் கையால் செய்து படித்தால் நான்கு ஆண்டுப் படிப்பைப் பாதிக் காலத்தில் முடிக்கலாம் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் கல்வியாளன் இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்டவர் அப்படித்தான் வாதாடியிருப்பார் என்பது புரிகிறது.

2,000 ரூபாய் கார்

இப்போது நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான கட்டத்துக்கு வருகிறேன். 1952இல் நாயுடுவின் பட்டறையிலிருந்து இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் கார் வெளியே வந்தது. விலை 2,000 ரூபாய். பஸ்ஸில் ஆரம்பித்தவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் குடும்பஸ்தன் வாங்கும்படி ஒரு காரைச் செய்து காட்டினார்.

அந்தக் கார் விற்பனைக்கு வரவில்லை. தயாரிக்க அரசு லைசென்ஸ் கொடுக்கவில்லை. தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அனுமதி கிடைத்த சில கம்பெனிகள் மட்டுமே கார் செய்யலாம்.

அந்தச் சில கம்பெனிகள் என்ன கார் செய்தன என்று பாருங்கள். நாம் எல்லோரும் ஏறி உட்கார்ந்த அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான். பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், இத்தாலியின் 1100. நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. இவை களவு நகல்கள் இல்லை. முறையாக உரிமம் பெற்று, அச்சுகளை வாங்கி இங்கே செய்தவை. பல ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தவை. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் பேரேட்டில் இரண்டு பக்கமும் எழுதவேண்டும் அல்லவா? அசலைப் பிறர் செய்ய நாம் நகல் எடுத்ததற்கு லைசென்ஸ் கிடைத்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் தானே செய்த கார் பட்டறையோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு சின்னக் கார் வர 1983 டிசம்பர் வரை, மாருதி 800 வரும்வரை, முப்பத்தொரு ஆண்டுகள் காத்திருந்தோம். நம்மில் எத்தனை பேர் அந்த ஆண்டுகளில் மனைவி குழந்தைகளோடு ஒரே ஸ்கூட்டரில் மழையில் நனைந்து போயிருக்கிறோம்! அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாயுடு இதில் உடைந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. 1967இல் காலையில் அஸ்திவாரம் போட்டு மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 74. பொதுமக்கள் பார்க்கும்படி கோவையில் நிரந்தரத் தொழிற்கண்காட்சி ஒன்றையும் ஏற்படுத்தினார். 1974 ஜனவரி 4ஆம் தேதி, தம் எண்பதாவது வயதில் காலமானார்.

இன்று போய்ப் பார்க்கலாம்

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரிலான தொழிற்கண்காட்சியும், 2015இல் திறக்கப்பட்ட ஜீடீ கார் மியூசியமும் இருக்கின்றன. அவர் குடும்பத்தார் பாதுகாத்துவரும் பழைய கார்கள் நாடு வாரியாக நிற்கின்றன. அங்கே முதல் மரியாதை ஒரு ரெப்ளிகாவுக்கு என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1886இல் ஜெர்மனியில் காரல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் நகல் அது. ஒற்றை சிலிண்டர், முக்கால் குதிரைசக்தி. இன்றைய சின்ன ஸ்கூட்டிக்குக் கூட அதைப்போலப் பல மடங்கு சக்தி உண்டு. 1888இல் பென்ஸின் மனைவி பெர்த்தா தம் இரு மகன்களோடு, கணவரிடம்கூடச் சொல்லாமல், அந்த வகை வண்டியில் மன்ஹைமிலிருந்து பார்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் வந்த ஒரு கோளாறைத் தொப்பி ஊசியை வைத்தே சரிசெய்தார். நகலுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான். அசல் எப்படி வேலை செய்தது என்று நம் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

2025 அக்டோபரில் அதே அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வாங்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு

நாயுடுவின் வாழ்க்கையிலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ வண்டியைக் கழற்றிப் பூட்டுகிறார்கள் என்றால் கவலை வேண்டாம். அந்தப் பணம் படிப்புச் செலவில் சேரும். பானெட்டையே திறக்காமல், விலை ஏறும் என்று மட்டும் சொல்லி வாங்கினால், அது பம்பாய்ப் பருத்தி. அப்போது கேள்வி கேளுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கம்பெனி, மாடல், எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றை வண்டியோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான ரெப்ளிகாக்கள் வேறு ஒரு காரின் பதிவில் ஓடுகின்றன. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

2. ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர்களும் பெயர் மாறும்வரை விடக்கூடாது. மாறாத வண்டியின் அபராதமும் வழக்கும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

3. விண்டேஜ் பதிவு வேறு, ரெப்ளிகா வேறு. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் அமைப்பு மாறாத சொந்த உபயோக வண்டிகளுக்கு 2021 முதல் தனி விதி இருக்கிறது. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவு 5,000 ரூபாய். தினசரி ஓட்டத்துக்கு அது ஆகாது. நகல் வண்டியை விண்டேஜ் என்று சொல்லி யாராவது விலை பேசினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

4. சொந்தமாக ஓட்டிய காரை விற்பது ஒன்று, வாங்கி விற்பதையே வழக்கமாக்குவது வேறு. ஆண்டுக்கு நான்கைந்து வண்டி கைமாறினால் வருமான வரித் துறை அதைப் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்ளாது. வாங்கிய விலை, உதிரிப் பாகச் செலவு, கூலி, விற்ற விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதிப் பார்த்தால் லாபம் என்று நினைத்தது பல சமயம் லாபமாக இருக்காது.

5. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பெட்ரோல் டேங்க் இறக்குவது, வெல்டிங், பெயின்ட் அடிப்பது ஆகிய வேலைகள் வேண்டாம். இது எல்லோருடைய பாதுகாப்பு. கழற்றிப் பார்க்கும் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு, காற்றோட்டமான ஒரு மூலையைக் காம்பவுண்டுக்குள்ளேயே ஒதுக்கித் தரமுடியுமா என்று வரும் பொதுக்குழுவில் பேசலாம். விருப்பமுள்ளவர்கள் கோரிக்கையைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

பள்ளிக் கோடை விடுமுறையில் கோவைக்கு ஒரு நாள் பயணமாகப் போய், கண்காட்சியையும் கார் மியூசியத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்றும் ஒரு யோசனை. சேலம் வழியாக வேனில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதிகாலையில் கிளம்பவேண்டும். ஒரு வேன் நிறையும் அளவுக்குப் பெயர் சேர்ந்தால் ஏற்பாடு செய்யலாம். சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதுங்கள்.